ஒரு ஆளுக்குக் காணும்

காலை ஆறு மணிச் செய்திக்கு முன்னால் வானொலியில் மணி ஒலிக்கும்போது மங்களேஸ்வரி குளிசை விழுங்குவாள். தண்ணீரை அம்பிகைபாகன் ஊற்றி வைத்திருப்பார். பின்னேரச் செய்திக்கும் அப்படியே. இரண்டு வருஷமாக இது பிசகியதில்லை. அவர் கணக்கு வாத்தியார். பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிறவன் அவர் வகுப்பு வாசலில் நிற்பதைப் பார்த்துத்தான் மணி அடிக்கிறான் என்று பிள்ளைகள் பகிடி பண்ணுவார்கள்.

அன்று ஜூலை மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை. மணி ஒலித்தது. குளிசை வாய்க்குள் போனது. செய்தி தொடங்கியது. விடியுமுன் கட்டுநாயக்கா விமான நிலையத்தைப் புலிகள் தாக்கியிருந்தார்கள். விமானங்கள் இன்னும் எரிந்துகொண்டிருந்தன.

மங்களேஸ்வரி தண்ணீரைப் பாதியில் நிறுத்தினாள்.

"ராஜரத்தினம் மாமா நாளைக்கு வரவேணும்," என்றாள்.

"வரமாட்டார்," என்றார் அவர். "தண்ணியைக் குடியும்."

அவள் குடித்தாள்.

ராஜரத்தினம் ரொறன்ரோவில் இருப்பவர். அவளுடைய தம்பி விவேகானந்தனின் மாமனார். ஊருக்கு வருகிற அவருடைய பையில் தம்பி ஒரு போத்தல் குளிசை வைத்திருந்தான். வீட்டிலிருந்த போத்தலில் அடி தெரியத் தொடங்கியிருந்தது.

அவை எச்.ஐ.வி. கிருமிக்கான குளிசைகள். அரசாங்கம் அந்த மருந்தை அப்போது கொடுக்கத் தொடங்கவில்லை. வசதியுள்ளவர்கள் வெளிநாட்டிலிருந்து எடுப்பித்தார்கள். மற்றவர்கள் காத்திருந்தார்கள். காத்திருந்தவர்களில் சிலரை அடுத்த தடவை கிளினிக்குக்குப் போகும்போது காணக் கிடைக்காது.

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் கண்டியில் அவர்கள் இருந்த வாடகை வீடு எரிந்தது. அதற்குப் பிறகு அவர் சாம்பியாவுக்குக் கணக்குப் படிப்பிக்கப் போனார். அவளும் கூடப் போனாள். அங்கே ஒரு சின்ன ஊரில் அவர்களுக்குப் பிறந்த குழந்தை மூச்சு விடவில்லை. அவளுக்கு இரத்தம் நிற்கவில்லை. யாரோ கொடுத்த இரத்தத்தை ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள். இரத்தத்தைச் சோதித்துப் பார்க்கும் வசதி அந்த ஊருக்கு அப்போது வந்திருக்கவில்லை. எட்டு வருஷம் அங்கே இருந்துவிட்டுத் திரும்பி வந்து, அவருக்குப் பள்ளிக்கூடமும் அவளுக்கு அரசாங்கக் கச்சேரியில் கிளாக் வேலையும் கிடைத்து, கண்டிக்குப் பக்கத்துக் குண்டசாலையில் ஒரு மாடி வீட்டின் மேல்தளத்தில் குடியிருக்கும்போது, அவள் முதுகில் அக்கி போட்டது. ஆறவில்லை. கொழும்புக்கு அனுப்பினார்கள். பிறகு அவரையும் சோதித்தார்கள். அவருக்கும் இருந்தது.

அவளிடமிருந்துதான் அவருக்குப் போயிருக்க வேண்டும். அதை அவர் ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. கிளினிக்கில் நேர்ஸ் ஒருத்தி, யாருக்கு முதலில் வந்தது என்று கேட்டபோது, இரண்டு பேருக்கும் ஒன்றாகத்தான் என்று பதில் சொன்னார். நேர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். அவர் விடையை மாற்றவில்லை.

இரத்தப் பரிசோதனையில் அவளுடைய நிலைதான் மோசமாக இருந்தது. எனவே குளிசை அவளுக்கு என்று முடிவானது. அவரைக் கேட்டால், நோய் அவளுக்கு மட்டும்தான் என்பது போல் நடந்துகொள்வார்.

*

கனடாவுக்குக் கதைக்க ஜவாஹிரின் கொமினிக்கேஷன் கடைக்குப் போக வேண்டும். அன்று பின்னேரம் அங்கே பெரிய வரிசை. வெளிநாட்டில் ஆள் இருக்கிற எல்லோரும் வந்திருந்தார்கள். ஜவாஹிர் அவளைக் கண்டதும் கை காட்டிக் கூப்பிட்டார்.

"வாங்க மிஸ். ஒங்கட தம்பி ரெண்டு தடவ எடுத்துட்டார். உள்ளுக்குப் போங்க."

வரிசையில் நின்ற ஒருவர் முணுமுணுத்தார். ஜவாஹிர் அவரைப் பார்க்காமலே சொன்னார்.

"மே மாசக் கலவரத்துல எங்கட மச்சான்ட கட. இப்ப பிளேன். இனி என்னத்தப் பத்த வெக்கப் போறானுகளோ. நீங்க அஞ்சு நிமிஷம் நிண்டா ஒண்ணும் எரியாது நானா."

கண்ணாடிக் கூட்டுக்குள் வெக்கையாக இருந்தது. தம்பியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் வந்தது. மாமாவின் பயணத்தைத் தள்ளிப்போட்டாயிற்று, விமானம் எப்போது ஓடுமென்று தெரியாது, ஆவணியில் பார்ப்போம் என்றான். தபாலில் அனுப்பினால் உடைத்துப் பார்ப்பார்கள், வந்து சேராது என்றான். இதெல்லாம் அவளுக்கும் தெரியும்.

அந்தக் குளிசைகளை அவன் ஒரு தேவாலயத்தின் நிலவறையில் இயங்கிய தொண்டர் குழுவிடமிருந்து எடுத்தான். மருந்து மாற்றியவர்களும் இறந்தவர்களின் வீட்டுக்காரர்களும் அங்கே மிச்சத்தைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஒவ்வொரு போத்தலைத் திறக்கும்போதும் அது யாருடைய மிச்சமாக இருக்கும் என்று மங்களேஸ்வரி நினைப்பாள். பிறகு விழுங்குவாள்.

"ஆவணி வரைக்கும் காணுமோ அக்கா?"

"ஒரு ஆளுக்குத்தானே," என்றாள். "ஒரு ஆளுக்குக் காணும்."

"அத்தான் சுகமோ?"

அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். ஜவாஹிர் யாருக்கோ மிச்சக் காசு கொடுத்துக்கொண்டிருந்தார்.

"சுகம்," என்றாள்.

அத்தானைப் பற்றித் தம்பிக்குச் சொல்லியிருக்கவில்லை. சொல்ல வேண்டாம் என்பது அம்பிகைபாகனின் கட்டளை.

*

ராஜரத்தினம் ஆவணி முடிவில்தான் வந்தார். சூட்கேசுக்குள் சொக்கலேற், சவர்க்காரம், ஒரு குளிர்காலச் சட்டை. இலங்கையில் போடவே முடியாத சட்டை. அவற்றுக்கு நடுவே போத்தல். தம்பி அதில் விற்றமின் என்று லேபல் ஒட்டியிருந்தான்.

கதிரையில் சாய்ந்துகொண்டு அவர் விமானத்தைப் பற்றி, சோதனைகளைப் பற்றி, ரொறன்ரோவில் கருவாடு வாங்கும் கடையைப் பற்றிச் சொன்னார். பிறகு அம்பிகைபாகனை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன மாஸ்டர், மெலிஞ்சுபோனீர். மனுசி சமைக்கிறேல்லையோ?"

"சமைக்கிறா. நான்தான் இருமி முடிக்கப் பொழுது போகுது," என்றார் அவர்.

ராஜரத்தினம் சிரித்தார். போத்தலை எடுத்துக் குலுக்கினார்.

"பிள்ளை, விற்றமின்தானே. எனக்கு முழங்கால் சரியில்லை. ரெண்டு எடுத்துக் குடிச்சுப் பாப்பமோ?"

மங்களேஸ்வரி போத்தலை அவர் கையிலிருந்து வாங்கினாள். வேகமாக வாங்கிவிட்டாள்.

"இது பொம்பிளையளுக்கு மாமா. நீங்கள் குடிச்சால் மீசை கொட்டிப்போம்."

அவர் மீசையைத் தடவிக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். அம்பிகைபாகனும் சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. இருமல் நிற்கவில்லை. அவள் குசினிக்குள் போய்ப் போத்தலை அலுமாரியில் வைத்துவிட்டு, இருமல் அடங்கும்வரை அங்கேயே நின்றாள்.

*

புரட்டாதியில் கிளினிக். கொழும்பு பஸ்ஸில் வழியெல்லாம் சோதனைச் சாவடி. தமிழர்களை இறக்கித் தனியாக நிறுத்தினார்கள். இளம் சிப்பாய் ஒருவன் அவளுடைய கைப்பையிலிருந்து போத்தலை எடுத்து, "மே மொனவாத?" என்று சிங்களத்தில் இவை என்னவென்று கேட்டான். விற்றமின் என்றாள். அவன் லேபலை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். அம்பிகைபாகன் வெயிலில் நின்று இருமினார். சிப்பாய் அவருக்குத் தண்ணீர்ப் போத்தலை நீட்டினான். அவர் நன்றி சொன்னார், வாங்கவில்லை. தான் வாய் வைத்த போத்தலில் இன்னொருவர் குடிப்பதை அவர் விரும்புவதில்லை. இப்படிப் பரவாதென்று டொக்டர் எத்தனையோ தரம் சொல்லியும் விடவில்லை.

டொக்டர் சிங்களப் பெண். மூவரும் ஆங்கிலத்தில் பேசுவார்கள். அண்மையில் அவர் வெளிநாட்டில் ஒரு பெரிய மகாநாட்டுக்குப் போய் வந்திருந்தார். ஏழை நாடுகளுக்கு இந்த மருந்தைக் கொடுப்பதா, அல்லது நோய் பரவாமல் தடுப்பதற்குக் காசைச் செலவழிப்பதா என்று அங்கே சண்டை. பணக்கார நாட்டு அதிகாரி ஒருவர், அந்த மக்களுக்கு மணிக்கூடு பார்க்கத் தெரியாது, காலை மதியம் இரவு என்றுதான் தெரியும், நேரத்துக்குக் குளிசை போட அவர்களால் முடியாது என்று சொன்னாராம்.

அம்பிகைபாகன் சிரித்தார். சாம்பியாவில் தன்னுடைய வகுப்புக்கு எட்டு வருஷத்தில் ஒரே ஒருவர்தான் பிந்தி வந்தார், அவர் இங்கிலாந்திலிருந்து வந்த பள்ளிப் பரிசோதகர் என்றார். டொக்டரும் சிரித்தார்.

பிறகு டொக்டர் தாளைத் திருப்பினார். அம்பிகைபாகனின் இரத்தத்தில் நோயை எதிர்க்கும் அணுக்களின் கணக்கு விழுந்திருந்தது. மருந்து தொடங்கியே ஆகவேண்டிய எல்லைக்குக் கீழே போயிருந்தது.

இங்கேயும் கூட்டங்களில் அதே சண்டைதான் என்றார் டொக்டர். ஒரு நோயாளிக்கு வருஷம் முழுவதும் மருந்து கொடுக்கிற செலவில் ஒரு மாவட்டம் முழுவதற்கும் போஸ்டர் அடிக்கலாம் என்கிறார்கள்.

கணக்குச் சரிதான் என்றார் அம்பிகைபாகன்.

தன்னுடைய குளிசையை அவருக்குக் கொடுத்தால் என்ன என்று மங்களேஸ்வரி கேட்டாள். கூடாது என்றார் டொக்டர், நிறுத்தினால் நீங்கள் விழுந்துவிடுவீர்கள். அப்படியானால் பாதிப் பாதி என்றாள். டொக்டர் பேனையை மூடினார். அதைப் போலக் கெட்டது வேறில்லை என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். பாதி மருந்துக்குக் கிருமி சாகாது, பழகிவிடும். பழகிவிட்டால் பிறகு முழு மருந்து வந்தாலும் கேட்காது. இந்தியாவில் மலிவாகச் செய்யத் தொடங்கிவிட்டார்கள். ஒரு வருஷம், மிஞ்சினால் ஒன்றரை வருஷம். அப்போது இரண்டு பேரும் குடிக்கலாம். அதுவரை தாக்குப்பிடியுங்கள்.

அம்பிகைபாகன் தலையாட்டினார். வகுப்பில் கெட்டிக்காரப் பையன் தலையாட்டுவது போல் இருந்தது. அவருக்கு விளங்கியது.

திரும்பி வரும்போது பஸ் கடுகண்ணாவ ஏற்றத்தில் முனகிக்கொண்டு ஏறியது. அவள் அவர் பக்கம் சாய்ந்து, தம்பியிடம் சொல்லிவிடுவோம் என்றாள். அவன் எப்படியாவது இன்னொரு போத்தல் எடுப்பான்.

அவர் முன் சீற்றைப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார்.

"ஆபிரிக்காவில எட்டு வருஷம் இருந்த ஆம்பிளை நான். உமக்கு இரத்தத்தால வந்தது எண்டதை இப்ப உம்மடை ஆக்கள் நம்பியிருக்கினம். எனக்கும் இருக்கெண்டு தெரிஞ்சால், பிறகு ஒருத்தரும் அதை நம்பாயினம்."

"நினைக்கிறவை நினைக்கட்டும்."

"உம்மடை தம்பி என்ரை முகத்தைப் பாத்துக் கதைக்க வேணும் மங்களம். அவன் எனக்கும் தம்பி."

அவள் யன்னல் பக்கம் திரும்பினாள். கம்பளைப் பக்கம் மழை இருண்டுகொண்டு வந்தது.

*

ஐப்பசியில் கேதார கௌரி விரதம் வந்தது. சாம்பியாவில்கூட அவள் அதை விட்டதில்லை. சுவாமியின் உடம்பில் பாதி கேட்டு அம்மன் பிடித்த விரதம். புருஷனுக்காகப் பெண்கள் பிடிப்பது. பகலெல்லாம் ஒன்றும் உண்ணாமல் இருந்து, பின்னேரம் ஒரு நேரச் சாப்பாடு. முடிவில் கோயிலில் காப்புக் கட்ட வேண்டும்.

முதல் நாள் விடிய அவர் தண்ணீர் ஊற்றி வைத்தார்.

"காலமைக் குளிசையை விடப்போறன்," என்றாள். "வெறும் வயித்தில குடிச்சால் பிரட்டும். பின்னேரக் குளிசையை மட்டும் குடிக்கிறன்."

"டொக்டரிட்டக் கேட்டனீரோ?"

"கேட்டனான்."

அவள் கேட்கவில்லை. விரதத்தில் பொய் சொல்லக் கூடாது. சொன்னாள்.

அவர் தண்ணீரைத் திருப்பிக் குடத்தில் ஊற்றினார்.

குசினியில் அவள் காலைக் குளிசைகளைக் கரண்டியின் முதுகால் நசித்தாள். சுக்குக் கோப்பிக்குள் போட்டுக் கலக்கினாள். சுக்கும் மல்லியும் கூடுதலாகப் போட்டிருந்தாள். அந்தக் கசப்பு எவ்வளவென்று இரண்டு வருஷமாக விழுங்கிய அவளுக்குத் தெரியும்.

அவளுக்கு டொக்டர் சொன்னது மறக்கவில்லை. ஆனால் டொக்டர் சொன்னது ஒரு வருஷத்துக்குப் பிறகு நடக்கப்போவது. இருமல் இப்போது இருந்தது. இரவெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது, அவள் தூங்கிவிடக் கூடாதே என்று அவர் முன்னறைக்குப் போய் இருமிக்கொண்டிருந்தார். அந்தக் கிருமி அவளுக்குள் ஏற்றிய இரத்தத்தில் வந்தது. அதற்கான மருந்தும் அவளுக்குத்தான் வந்தது. நடுவில் அவர் ஒன்றும் கேட்காமல் இருமிக்கொண்டிருந்தார். பாதி என்பது ஒன்றுமில்லாததை விடக் கூடத்தானே. கணக்குத் தெரியாதவளுக்கு அவ்வளவுதான் விளங்கியது.

அவர் கோப்பியைக் குடித்தார். ஒரு மிடறில் நிறுத்தி, கோப்பையைப் பார்த்தார். பிறகு கடைசிவரை குடித்தார்.

"இண்டைக்குச் சுக்குக் கூட," என்றார்.

"இருமலுக்கு நல்லம்," என்றாள்.

அவர் கோப்பையைத் தானே கொண்டுபோய்க் கழுவி வைத்தார்.

அமாவாசையன்று கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலில் காப்புக் கட்டினார்கள். அவளுக்கு இடது கையில், அவருக்கு வலது கையில். ஐயர், இந்த முறை மாஸ்டருக்கு முகம் தெளிந்திருக்கிறது என்றார். உண்மைதான். இருமல் குறைந்திருந்தது. கார்த்திகையில் இன்னும் குறைந்தது. அவர் ஒரு இரவு முழுக்கப் படுக்கையில் தூங்கினார். அவள் விழித்திருந்து அந்த அமைதியைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

விரதம் முடிந்தும் அவள் கோப்பியை நிறுத்தவில்லை. இனி என்ன காரணம் சொல்வது என்று யோசித்து வைத்திருந்தாள். அவர் கேட்கவில்லை. காலையில் தண்ணீரும் ஊற்றி வைக்கவில்லை. இரண்டு வருஷம் பிசகாத மனிதர் மறந்துபோய்விட்டார் என்று அவள் நம்பினாள். நம்புவது லேசாக இருந்தது.

*

அடுத்த மாசியில் போர் நின்றது. ஒப்பந்தம் எழுதினார்கள். சித்திரையில் யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்தது. சாவடிகளில் சிப்பாய்கள் கை காட்டி வழி விட்டார்கள். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் சனம் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. ராஜரத்தினமும் திரும்ப வந்தார், போத்தலோடு. முழங்கால் இன்னும் சரியில்லை என்றார், ஆனால் விற்றமின் கேட்கவில்லை.

மங்களேஸ்வரிக்கு வாய்க்குள் வெள்ளை படர்ந்தது. மாடிப்படி ஏறும்போது நடுவில் நிற்க வேண்டியிருந்தது. வேலை கூட என்று சொல்லிக்கொண்டாள். அவருக்கும் இருமல் திரும்பி வந்தது.

ஆடியில் டொக்டர் அவர்களை நல்ல செய்தி சொல்லக் கூப்பிட்டார். இந்தியக் குளிசை வந்துவிட்டது, மூன்று மருந்தும் ஒன்றாகச் சேர்த்தது, ஒரு வாத்தியாரும் கிளாக்கும் தம்பியின் உதவியோடு வாங்கக் கூடிய விலை. இரண்டு பேருக்கும். தொடங்குமுன் இரத்தம் எடுத்து வெளியே அனுப்ப வேண்டும்.

இரத்தம் எடுத்தார்கள். அன்று பஸ்ஸில் அவர்கள் நல்லூர்த் திருவிழாவைப் பற்றிக் கதைத்துக்கொண்டு வந்தார்கள். பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு போகலாம். தேருக்குப் போவதா, தீர்த்தத்துக்குப் போவதா என்று அவர் கேட்டார். இரண்டுக்கும் என்றாள்.

திருவிழா தொடங்கும் முன் முடிவு வந்தது.

டொக்டர் அவளுடைய தாளை நெடுநேரம் பார்த்தார். கிருமி பெருகியிருந்தது, மருந்தே குடிக்காதவருக்குப் போல. குளிசை தவறியதா என்று கேட்டார். அவள் நிலத்தைப் பார்த்தாள். சீமெந்துத் தரையில் யாரோ மை கொட்டி, அழித்திருந்தார்கள்.

அம்பிகைபாகன்தான் பதில் சொன்னார். ஆங்கிலத்தில், தெளிவாக, பாடம் சொல்வது போல. என் மனைவியின் காலை மருந்தைக் குடித்தது நான், போன ஒக்டோபரிலிருந்து.

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் டொக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டொக்டர் ஏசவில்லை. ஏசியிருக்கலாம். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு சொன்னார். புதிய குளிசையில் இருப்பதும் அதே வகை மருந்துகள். கொஞ்சம் கேட்கலாம், கேட்காமலும் போகலாம். இதற்கு அடுத்த வகை மருந்துகள் பணக்கார நாடுகளில் இருக்கின்றன. இங்கே எப்போது வருமென்று தனக்குத் தெரியாது. இருந்தாலும் இதையே எழுதித் தருகிறேன், வேறு எதை எழுத?

எழுதினார். இரண்டு பேருக்கும்.

வெளியே வாசலுக்குப் பக்கத்தில் ஒரு வாங்கு இருந்தது. செவ்விளநீர் விற்கிறவன் குலையைச் சாய்த்து வைத்துவிட்டு நிழலில் தூங்கினான். அவர்கள் வாங்கில் உட்கார்ந்தார்கள்.

"தெரியுமோ உங்களுக்கு?" என்றாள்.

"முதல் நாளே தெரியும். கோப்பையின்ரை அடியில குளிசைத் தூள் கிடந்தது."

"அப்ப ஏன் குடிச்சனீங்கள்? டொக்டர் சொன்னது எனக்கு விளங்காட்டிலும் உங்களுக்கு விளங்கினது."

"விளங்கினது."

அவர் கையிலிருந்த காப்பைத் திருகினார். நூல் கறுத்துப்போய் இருந்தது. அடுத்த காப்புக் கட்டும்வரை கழற்றுவதில்லை.

"பட்டினி கிடந்த முகத்தோட கொண்டுவந்து நீட்டினீர். வேண்டாம் எண்டு சொல்ல வாய் வரேல்லை. ஒரு நாளைக்கெண்டு குடிச்சன். அடுத்த நாள் சொல்லுவம் எண்டு நினைச்சன்."

அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"பிறகு இருமல் குறைஞ்சிது," என்றார். கொஞ்சம் பொறுத்து, "எனக்கும் சாகப் பயம்தான் மங்களம்," என்றார்.

இளநீர்க்காரன் கண் விழித்து, வேண்டுமா என்று சிங்களத்தில் கேட்டான். அவர் ஒன்று வாங்கினார். அவளுக்குக் கொடுத்தார். அவள் பாதி குடித்துவிட்டு நீட்டினாள். அவர் வாங்கிக் குடித்தார்.

*

அன்று பின்னேரமே அவள் ஜவாஹிரின் கடைக்குப் போனாள். அம்பிகைபாகனிடம் கேட்கவில்லை. அவரும் எங்கே போகிறீர் என்று கேட்கவில்லை.

கடை புதிதாக வெள்ளையடித்திருந்தது. ஜவாஹிர் சந்தோஷமாக இருந்தார். மச்சானின் கடையைத் திரும்பக் கட்டுகிறார்கள் என்றார்.

"இப்பல்லாம் லைன் தண்ணி மாதிரி ஈக்கி மிஸ். ஊரோட ஈக்கிற மாதிரிப் பேசலாம்."

உண்மையில் தம்பியின் குரல் பக்கத்தில் கேட்டது. பின்னால் பிள்ளைகள் சத்தம் போட்டார்கள். அவன் கதவைச் சாத்துவதுகூடக் கேட்டது. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அத்தானுக்கும் இருக்கிறது, தன்னிடமிருந்துதான் போனது, அவர் சொல்ல வேண்டாம் என்றார், குளிசையைத் தான் பங்கிட்டாள், இனி அது கேட்காது. சொல்வதற்கு இவ்வளவு குறைவாகத்தான் இருந்தது என்பது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

தம்பி அத்தானைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எப்படி வந்ததென்று கேட்கவில்லை. கடைசியில் அழுகிற குரலில் சொன்னான்.

"ஒவ்வொரு முறையும் கேட்டவங்கள் அக்கா. இன்னொரு ஆளுக்கும் வேணுமோ எண்டு. அங்க பெட்டி பெட்டியாக் கிடந்தது. நான்தான் வேண்டாம் எண்டனான். ஒரு ஆளுக்குக் காணும் எண்டனான்."

அவள் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தம்பி இப்போது அனுப்புகிறேன், நாளைக்கே போய்க் கேட்கிறேன், வேறு வகை இருக்கிறதா என்று பார்க்கிறேன் என்றான். வேறு வகையை யாரும் மிச்சம் விடுவதில்லை என்றும் அவனே சொன்னான். அது புதிது. அதைக் குடிக்கிறவர்கள் இன்னும் சாகவில்லை.

வெளியே வந்தபோது ஜவாஹிர் அவள் முகத்தைப் பார்த்தார்.

"என்ன மிஸ், லைன் கட்டாயிட்டா?"

"இல்லை," என்றாள். "நல்லாக் கேட்டது."

*

மறுநாள் காலை அம்பிகைபாகன் எழுந்து இரண்டு தம்ளரில் தண்ணீர் ஊற்றி மேசையில் வைத்தார். பக்கத்தில் இரண்டு போத்தல். லேபலில் விற்றமின் என்று இல்லை. மருந்தின் பெயரே இருந்தது. ஒன்றில் அவர் பெயரையும் மற்றதில் அவள் பெயரையும் அவரே எழுதி ஒட்டியிருந்தார், பிள்ளைகளின் கொப்பிகளில் எழுதுவது போல.

வானொலியில் மணி ஒலித்தது. இருவரும் விழுங்கினார்கள். செய்தியில் சமாதானப் பேச்சுவார்த்தைக்கு நாள் குறித்துச் சொன்னார்கள்.

அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். நல்லூருக்குப் போகவில்லை, ஆனால் மணி ஒரு நாளும் பிசகவில்லை.

குளிசைக்குப் பிறகு அவர் கோப்பி கேட்பார். அவள் சுக்குப் போடாமல் ஊற்றிக் கொடுப்பாள். அவர் குடித்து முடித்துவிட்டுக் கோப்பையின் அடியைப் பார்ப்பார். அங்கே ஒன்றும் இருக்காது.